பனி ஊருக்குக் கார் எடுப்பதற்கு முன்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த பேச்சு, ஊட்டி, கொடைக்கானலைத் தாண்டி, மணாலி, குல்மார்க் வரை போய்விட்டது. அதுவும் டூர் பஸ்ஸில் இல்லை, நாமே கார் ஓட்டிக்கொண்டு. நானும் என் மனைவியும், மைத்துனரும் அவர் மனைவியும் ஒரு பிப்ரவரியில் சண்டிகரில் கார் வாடகைக்கு எடுத்து ஷிம்லா, நார்க்கண்டா, மணாலி என்று ஓட்டிவிட்டு வந்தோம் என்பதால் என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கணக்குப் பார்க்காமல் எதுவும் பேசவராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கிவருகிற பனி. வண்டிக் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தால் ஒரு முறை வைப்பர் போட்டுத் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். அங்கே இருப்பது வேறு பனி. அதன் மேல் வண்டி ஓட்டுவது, சி.டி.எச். ரோட்டில் நாற்பது வருஷம் ஓட்டிய அனுபவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலை. ஓட்டவே முடியாது என்று சொல்லவில்லை. நான் ஓட்டினேன். எங்கே ஓட்டலாம், எங்கே சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளூர் ஆளின் வண்டியில் ஏறவேண்டும் என்பதை இங்கேயே, வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போகவேண்டும் என்கிறேன்.

ஒரு குடும்பம் அவர்கள் போட்ட திட்டத்தை என்னிடம் காட்டினார்கள். அவர்கள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் அதையே எடுத்துக்கொள்கிறேன். டிசம்பர் 25 சென்னையில் கிளம்பி, 30 இரவு திரும்ப வேண்டும். ஆறு நாள். சண்டிகர், ஷிம்லா, குஃப்ரி, மணாலி, சோலங், அடல் சுரங்கப்பாதை தாண்டி சிசு. கூட எழுபத்தெட்டு வயது அம்மா. மேப்பில் நேரம் எல்லாம் கூட்டி, "சார், ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேர டிரைவ்தான், ஈஸியா வருது" என்றார்கள்.

வங்கியில் வரும் பணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கவுன்டரில் ஒருவர் வந்து அவர் டெபாசிட்டைக் கேட்டால் கொடுக்கப் பணம் இருக்காது. அதனால்தான் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் ஆறு நாளும் செலவாகிவிட்டது, கையிருப்பு ஒரு நாள்கூட இல்லை. பனி ஊரில் ரோடு மூடினால் ஒரு நாள் கேட்கும், சில சமயம் இரண்டு கேட்கும். அப்போது விமான டிக்கெட்டைப் பிடிக்கவேண்டும் என்று இருட்டில், உறைந்த ரோட்டில் வண்டியை எடுப்பீர்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது கற்பனை இல்லை. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சோலங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவே, பனி விழுந்து சுமார் ஆயிரம் வண்டிகள் நின்றுபோயின. போலீஸ்காரர்கள் ராத்திரியெல்லாம் ஆட்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். சில நாள் கழித்து சோலங்கில் மறுபடி அதே கதை, இன்னும் பெரிய கூட்டத்தோடு. நல்லவேளை, உயிர் போகவில்லை. 2022 ஜனவரி 7 இரவு பாகிஸ்தானின் மர்ரி என்ற மலை ஊரில் இதே மாதிரி பனி பார்க்கப் போன கூட்டம் ரோட்டில் மாட்டிக்கொண்டது. காருக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். குளிர் ஒரு காரணம். இன்னொன்று, சைலன்ஸரைப் பனி மூடிவிட்ட பிறகும் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டது. புகை வெளியே போக வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு வாசனையே கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் வண்டி பனியில் நின்றுவிட்டால் முதலில் இறங்கிப் போய் சைலன்ஸரைச் சுற்றி இருக்கும் பனியைத் தள்ளிவிட வேண்டும். இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல், மணிக்குப் பத்து நிமிஷம் மாதிரி விட்டு விட்டு ஓட்டி, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். ஹோட்டல் அறையிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். கரி அங்கீட்டி கொண்டுவந்து வைப்பார்கள். கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதோடு தூங்கவே கூடாது.

இப்போது நேரக் கணக்கு. பகலில் உருகிய பனித்தண்ணீர் ராத்திரி தார் ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். பார்த்தால் ஈர ரோடு மாதிரி கருப்பாகத்தான் தெரியும். வெயில் ஏறி அது இளகக் காலை ஒன்பதரை, பத்து ஆகும். டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மலை நிழல் அதற்கும் முன்னே விழுந்துவிடும். நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு, மலையில் பத்து மணிக்கு முன் கிளம்புவதில்லை, நாலு மணிக்கு மேல் சாவியைத் தொடுவதில்லை. நடுவில் கிடைப்பது ஆறு மணி நேரம். சாப்பாடு, டீ, பாத்ரூம், போட்டோ எல்லாம் போக ஓட்டக் கிடைப்பது நாலு. மலை ரோட்டில் அதில் நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் போனால் பெரிது. சண்டிகர் முதல் மணாலி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரோடு இப்போது நன்றாக இருக்கிறது, கிரத்பூரிலிருந்து நாலு வழிச் சாலை வந்துவிட்டது, ஆனாலும் நாங்கள் மண்டியில் ஒரு ராத்திரி தங்கித்தான் போனோம். 2023-லும் 2025-லும் மழைக்கால வெள்ளம் குலு பக்கம் இந்த ரோட்டைப் பிய்த்துப் போட்டது. எந்த இடம் முழுசாகச் சரியாகியிருக்கிறது, எங்கே ஒற்றை வழியாக விடுகிறார்கள் என்பதைக் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேப்பை நம்பாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. நார்க்கண்டாவிலிருந்து மணாலிக்கு வழி கேட்டால், லூரி, ஆனி, ஜலோரி கணவாய் வழியாகக் குறுக்கு வழி காட்டும். கிலோமீட்டர் குறைச்சலாகத் தெரியும். ஜலோரி மூவாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற கணவாய், பனி விழுந்தால் மூடிவிடுவார்கள். மூடாத நாளிலும் அந்த ஏற்றம் நம் கைக்கு உகந்தது இல்லை. நாங்கள் வந்த வழியே ஷிம்லா திரும்பி, பிலாஸ்பூர், மண்டி என்று சுற்றித்தான் போனோம். மைத்துனருக்கு வருத்தம். "அத்திம்பேர், ஒரு நாள் வேஸ்ட்" என்றார். அந்த ஒரு நாள் கையிருப்பில் இருந்ததால்தான் சுற்ற முடிந்தது.

ஷிம்லா ஊருக்குள் கார் பெரிய பாரம். மால் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். கீழே கார்ட் ரோட்டில் பார்க்கிங்கில் போட்டுவிட்டு லிஃப்டில் மேலே போகவேண்டும். அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் ஹோட்டல் பதிவு செய்யும்போது "எத்தனை படி ஏறணும்?" என்று மட்டும் கேளுங்கள். "பத்து நிமிட நடை" என்பார்கள். அந்தப் பத்து நிமிடமும் செங்குத்தாக இருக்கும். என்னைக் கேட்டால் ஷிம்லா பார்க்கக் கார் வேண்டாம், கல்காவிலிருந்து சின்ன ரயிலில் போகலாம். 1903-லிருந்து ஓடுகிறது, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஓட்டுநர் நீங்கள் இல்லை என்பதால் நீங்களும் வேடிக்கை பார்க்கலாம். அதைத் தாண்டி குஃப்ரி, ஃபாகு வழியாக நார்க்கண்டா போகத்தான் கார் உதவும். குஃப்ரி, ஃபாகு பக்கம் வெயிலே படாத வளைவுகள் இருக்கின்றன. பனி விழுந்தால் முதலில் அடைபடுவது அங்கேதான்.

எப்போது போவது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம்தான் கிடைக்கும். டெல்லி, பஞ்சாப், ஹரியானா மொத்தமும் அதே வாரத்தில் அங்கே ஏறும். அவ்வளவு கூட்டத்திலும் ஷிம்லா ஊருக்குள் அந்த வாரம் பனி விழும் என்று உறுதி கிடையாது. நம்மை மாதிரி ஓய்வு பெற்றவர்கள் அந்த வாரத்தை வேலைக்குப் போகிறவர்களுக்கு விட்டுவிட்டு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போகலாம். பனி கிடைக்கும் வாய்ப்பும் அதிகம், அறை வாடகையும் குறைவு. அப்போதும் பனி நம் டிக்கெட்டைப் பார்த்து விழாது. குல்மார்க்கில் 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் புல்வெளியாகவே கிடந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். குழந்தைகளிடம் "பனி பார்க்கப் போறோம்" என்று சொல்லாமல் "மலை பார்க்கப் போறோம்" என்று சொல்லி அழைத்துப் போவது உத்தமம்.

இனி கார். நம் டி.என். 13, டி.என். 12 வண்டியையே இங்கிருந்து ஓட்டிப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். பூந்தமல்லியில் நாம் தினமும் நிற்கிற என்.எச். 48 மும்பை, ஜெய்ப்பூர் வழியாக டெல்லிக்கே போகிறது. கிருஷ்ணகிரியில் திரும்பி என்.எச். 44-ஐப் பிடித்தால் அது ஸ்ரீநகர் வரை போகிறது. ரோடு இருக்கிறது, உடம்பு இருக்கிறதா? சண்டிகர் வரைக்குமே இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. போக நாலைந்து நாள், வர நாலைந்து நாள். ஒரு மாதம் கையில் இருக்கிற இளைஞர்கள் செய்யட்டும். அப்படிப் போகிறவர்கள் கூலன்ட் டேங்கைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சென்னையில் முக்கால்வாசிப் பேர் அதில் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி வைத்திருக்கிறோம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது உறைந்து ரேடியேட்டரை வெடிக்க வைக்கும். கண்ணாடி கழுவும் தண்ணீரும் அப்படித்தான். டீசலும் கடுங்குளிரில் மெழுகு மாதிரி இறுகும். அதற்காகவே லடாக்கிற்கு இந்தியன் ஆயில் 2019-ல் தனியாகக் குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மணாலி அளவு குளிருக்கு அவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் பெட்ரோல் வண்டியாகவே கேளுங்கள்.

வாடகைக் காரில் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மூலம் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த வண்டி அது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க இடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கார் தண்ணீரில் நின்றபோதுதான் நம்மில் பலர் பாலிசியை முதல் முறையாகப் படித்தோம். இந்தத் தடவை முன்னாலேயே படிப்போம். எந்தெந்த மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, வண்டி நின்றால் இழுத்துவரும் செலவு யாருடையது, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்தவர் போனில் "ஸ்நோ செயின் உண்டு சார்" என்றார். நேரில் போனால் டிக்கியில் ஸ்டெப்னி மட்டும்தான் இருந்தது. மெசேஜில் எழுதி வாங்கியிருந்ததால் வாடகையில் கழித்துக்கொண்டார். மணாலி போனதும் நாங்களே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டோம்.

ஃபோர் வீல் டிரைவ் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி ஏறும், அவ்வளவுதான். நிறுத்துவது டயர். கனடாவில் குபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் மாட்டாமல் கார் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே சாதாரணமாக ஓட்டுகிறார்களே என்று ஒப்பிடாதீர்கள். அவர்களுக்கு அந்த டயர் இருக்கிறது, காலையில் உப்புப் போட்டுச் சுத்தம் செய்த ரோடும் இருக்கிறது. நம் வாடகைக் காரில் இருப்பது சென்னை வெயிலிலும் ஓடுகிற அதே டயர். அதற்குத்தான் சங்கிலி. எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறதோ அதில் மாட்டவேண்டும், நம் பெரும்பாலான சின்னக் கார்களுக்கு முன் சக்கரம். மாட்டினபின் முப்பது, நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. பனி முடிந்து தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாமல் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் பிடியிலேயே இறக்குங்கள். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் காலையில் அது உறைந்து விடாமல் பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட வேண்டும். வைப்பரைத் தூக்கி நிறுத்திவைப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போய், நாங்கள் மணாலியைத் தாண்டி ஓட்டவில்லை. சிசு போகலாம் என்று கிளம்பிய அன்று நேரு குண்ட் அருகே போலீஸ் நின்றது. மேலே ஃபோர் வீல் டிரைவ் மட்டும் என்றார்கள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறினோம். ஓட்டியவர் ஒரு கையில் டீ கிளாஸோடு ஓட்டினார், அது வேறு விஷயம். அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது, மூவாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதற்கு முன் லாகூல் மக்கள் குளிர்காலம் முழுக்க ரோத்தாங் கணவாய்க்கு அந்தப் பக்கம் அடைபட்டுக் கிடந்தார்கள். உள்ளே நுழையும்போது தேவதாரு மரமெல்லாம் பச்சை, வெளியே வந்தால் ஒரு மரம் இல்லை, கண் கூசும் வெள்ளை. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கறுப்புக் கண்ணாடி எங்கே?" என்று கேட்டாள். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

அந்தக் குடும்பத்து அம்மாவுக்காக ஒன்று. மணாலி இரண்டாயிரம் மீட்டர், அங்கே இரண்டு ராத்திரி தங்கிப் பழகிய பிறகு சிசு போய் உடனே இறங்கிவிடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. வந்த மறுநாளே மேலே ஏற்ற வேண்டாம்.

காஷ்மீர் பற்றிப் பலர் கேட்டார்கள். என் கருத்து, அங்கே நாமே ஓட்டும் ஆசை வேண்டாம். ஜம்மு-ஸ்ரீநகர் ரோட்டில் செனானி-நஷ்ரி, பனிஹால்-காசிகுண்ட் என்று பெரிய சுரங்கங்கள் வந்துவிட்டன. நடுவில் ராம்பன் பக்கம் மண் சரிந்தால் எல்லாம் நின்றுவிடும். 2025 ஜூனிலிருந்து கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, செனாப் பாலத்தின் மேலேயே போகலாம். குல்மார்க்குக்கு எப்படியும் பனி நாளில் தங்மார்க்கில் இறங்கி, சங்கிலி மாட்டிய உள்ளூர் வண்டியில்தான் கடைசி 13 கிலோமீட்டர் ஏறவேண்டும். அப்புறம் நம் கார் எதற்கு? கோண்டோலா டிக்கெட் ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். இரண்டாம் கட்டம் ஏறக்குறைய நாலாயிரம் மீட்டருக்குக் கொண்டுபோகும், இதய நோய் உள்ளவர்கள் முதல் கட்டத்தோடு திரும்பிவிடலாம். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் சில்லாய் கலான் என்று அவர்கள் சொல்லும் கடுங்குளிர். வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்ததற்குப் பிறகு பல இடங்களை மூடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். அரசு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்க ஆசைப்பட்டால், ரோட்டோரம் கட்டையை மாட்டிவிட்டு அரை மணியில் காசு வாங்குபவரிடம் விடாதீர்கள். குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும் மணாலியில் மாநில அரசின் மலையேற்ற நிறுவனமும் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், நான் சொன்னேனே அந்த தங்மார்க் பையன்தான். பயண இன்ஷூரன்ஸில் பனிச்சறுக்கு சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சாகச விளையாட்டு என்று தள்ளிவைத்திருப்பார்கள்.

அந்த ஆறு நாள் திட்டம் என்ன ஆயிற்று என்றால், இப்போது ஒன்பது நாளாகிவிட்டது. ஷிம்லாவை எடுத்துவிட்டார்கள். சண்டிகர், மண்டி, மணாலியில் நாலு ராத்திரி, திரும்பி மண்டி, சண்டிகரில் ஒரு நாள் சும்மா. மணாலியில் ஒன்று, சண்டிகரில் ஒன்று, ஆக இரண்டு நாள் கையிருப்பு. போதுமா என்றால், ஒரு ஊரை எடுத்ததால் போதும் என்று நினைக்கிறேன்.

மணாலியில் வாங்கிய அந்தச் சங்கிலி ஜோடி என் லாஃப்டில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு பி பிளாக் பார்க்கிங்கில் என் காரில் மாட்டிக் காட்டுகிறேன். செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டேன். வருபவர்கள் உங்கள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அதைச் சொன்னால்தான் கடையில் சரியான சங்கிலி கொடுப்பார்கள். கையுறை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அங்கே அதைப் போட்டுக்கொண்டுதான் மாட்டவேண்டியிருக்கும். வெறும் கையால் எல்லோருக்கும் வந்துவிடும்.